பறங்கியரின் சீட்டும் மக்தூமின் ஏடும்

பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களிடையே வழிவழியாக வழங்கிவரும் வரலாறு ஒன்று உண்டு. அரபு நாட்டில் புதிதாக அதிகாரத்தில் அமர்ந்த ஒருவருக்குத் திறை செலுத்த மறுத்து, அதனால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்ட சில குடும்பத்தார் நான்கு மரக்கலங்களில் ஏறி இக்கரையை வந்தடைந்தனர் என்பது அதன் சாரம். 13-ஆம் நூற்றாண்டில் இது நிகழ்ந்ததாகக் கூறுவர். செவிவழிச் செய்தியை வரலாற்றாசிரியர்கள் தங்கள் தராசில் வைத்து நிறுத்துக்கொள்ளட்டும். நம் சிந்தனைக்குரியது வேறொன்று. தங்கள் தோற்றத்தைச் சொல்ல வந்த மக்கள், முன்னோர் ஈட்டிய செல்வத்தையும் ஆண்ட நாட்டையும் விட்டுவிட்டு, அவர்கள் ‘முடியாது’ என்று சொன்ன ஒரு சொல்லை அல்லவா பெருமையோடு எடுத்துக் கூறுகிறார்கள்!

அக்கிரமத்தின் முன் நிற்கும் மனிதனுக்கு வழிகள் சில உள. அவ்விடத்தை விட்டு நீங்கலாம். அந்த நான்கு மரக்கலங்களில் வந்தவர்கள் செய்தது அதுவே. பொறுத்திருந்து, கிடைத்த மட்டில் பேரம் பேசி வாழலாம். எதிர்த்துப் போரிடலாம். இவற்றோடு இன்னொரு வழியும் உண்டு. எழுதலாம். ஆனால் எழுத்து மற்ற மூன்றையும் போன்றதன்று. நீங்குபவன் தன் கால்களால் நீங்குகிறான். போரிடுபவன் தன் உயிரைப் பணயம் வைக்கிறான். ‘எழுந்து நில்லுங்கள்’ என்று ஏடெழுதுபவனோ பிறருடைய உயிரைப் பற்றியும் பேசுகிறான். அவன் விளக்கடியில் அமர்ந்து எழுதிய வரியை நம்பி, அவன் முகத்தையே காணாத ஓர் இளைஞன் படகில் ஏறிப் போய்த் திரும்பி வராமற் போகலாம். ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. பிறரை எதிர்ப்புக்கு அழைக்கும் எழுத்துக்கு நியாயம் எங்கிருந்து பிறக்கிறது? அத்தகைய எழுத்து முதன்முதலில் யாரைக் குற்றஞ்சாட்ட வேண்டும்?

இக்கேள்வியை ஆராய நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஐரோப்பியரின் கடலாதிக்கத்தை எதிர்த்து இந்திய மண்ணில் எழுந்த மிகப் பழைய அரசியல் ஏடுகளுள் ஒன்று நம் மார்க்க அறிஞர் ஒருவரின் கையால் எழுதப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பொன்னானியில் வாழ்ந்த ஷைகு அஹ்மது ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் அரபியில் இயற்றிய ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்பதே அது.

முதலில் அந்த ஏட்டைத் தோற்றுவித்த சூழலைப் பார்ப்போம். 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அவரே 1502-இல் மீண்டும் வந்தபோது, ஹஜ்ஜை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் கப்பல் ஒன்றை, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பல நூறு பேருடன் தீக்கிரையாக்கினார் என்பது பாடப் புத்தகங்களில் அவ்வளவாக இடம் பெறுவதில்லை. அதன்பின் பறங்கியர் கடலுக்கே வேலி போட்டார்கள். அவர்களிடம் பணங்கட்டிப் பெற்ற அனுமதிச் சீட்டு இல்லாத எந்தக் கப்பலும் பிடிபடும், சரக்கு பறிபோகும், மாலுமிகள் சிறைப்படுவர். அச்சீட்டுக்குக் ‘கர்த்தாஸ்’ என்று பெயர். இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்னும் அரபுச் சொல்லே பறங்கியர் நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். நாம் கடிதத்தைக் ‘கடுதாசி’ என்கிறோமே, அதுவும் இவற்றின் உறவுக்காரச் சொல்தான் என்று கருதுவாரும் உளர். நூற்றாண்டுகளாக எவரிடமும் சீட்டுக் கேளாமல் அரபுக் கடலையும் வங்கக் கடலையும் கடந்தவர்களுக்கு, அவர்களுடைய மொழியிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து விலங்கு பூட்டியாயிற்று!

பழவேற்காட்டுக்கும் பறங்கியர் வந்தார்கள். விஜயநகர ஆட்சிக்குட்பட்ட பெருந்துறைமுகமாக அன்று அது விளங்கிற்று. உள்நாட்டுத் தறிகளில் நெய்த வண்ணத் துணிகள் இங்கிருந்துதான் மலாக்காவுக்கும் அதற்கப்பாலுள்ள தீவுகளுக்கும் சென்றன. நம் வீடுகளில் இன்றும் ‘பாளையக்காட்’ கைலி என்னும் பெயர் வழங்குகிறதல்லவா? அது இந்த ஊரின் பெயரே. 1511-இல் பறங்கியர் மலாக்காவைக் கைப்பற்றியதும் பழவேற்காட்டு வாணிகரின் வாழ்வே மாறிற்று. சேவையிலிருந்து விலகிய பறங்கிப் படைவீரர்கள் இவ்வூரில் குடியேறி வாணிகம் செய்தனர். மாதா கோயில் எழுப்பினர். மலபாரைப் போன்ற நெடும்போர் இங்கு நிகழவில்லை. நம்மவரிற் சிலர் பறங்கியரோடு பொருந்தி வாழ்ந்தனர். சிலர் அவர்கள் கைக்கெட்டாத ஆச்சே துறைமுகத்தை நாடித் தங்கள் வாணிகத்தை மாற்றிக்கொண்டனர். மேற்குக்கரை எழுதிப் போரிட்டபோது கிழக்குக்கரை பேரம் பேசிப் பிழைத்தது என்று சுருங்கச் சொல்லலாம். அதை இழிவாகக் கூறவில்லை. பிள்ளைகுட்டிகளை உடையவன் கடலோரத்தில் எடுக்கும் முடிவை, பாதுகாப்பாக அமர்ந்திருக்கும் நாம் எளிதில் எடைபோட்டுவிட முடியாது.

ஆயினும் அந்த மேற்குக்கரை ஏட்டுக்கும் நம் கரைக்கும் தொடர்பு உண்டு. மக்தூம்களின் முன்னோர் தமிழகத்தின் கீழைக் கடற்கரையான மஃபரிலிருந்து கொச்சிக்குக் குடிபெயர்ந்தவர்கள். அக்குடும்பத்தில் 1467-இல் கொச்சியில் பிறந்த மூத்த ஜைனுத்தீன் மக்தூம் எகிப்து வரை சென்று கல்வி கற்று மீண்டு, பொன்னானியில் பெரும் பள்ளிவாசலையும் கல்விக்கூடத்தையும் நிலைநாட்டினார். பறங்கியரை எதிர்க்கத் தூண்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஈரடிகளால் ஆன ‘தஹ்ரீள்’ என்னும் அரபுப் பாடலை முதலில் இயற்றியவரும் அவரே. 1522-இல் அவர் மறைந்தார். அவருடைய பெயரர்தாம் துஹ்ஃபாவின் ஆசிரியர். இவரை நம் மக்கள் வேறொரு நூலால் நன்கறிவார்கள். ஷாஃபிஈ மத்ஹபுச் சட்டங்களைக் கூறும் ‘ஃபத்ஹுல் முஈன்’ நம் அரபி மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் கிதாபன்றோ! உளூ, தொழுகை, கொடுக்கல் வாங்கல், திருமணம் ஆகியவற்றின் நுணுக்கங்களை அமைதியாக எடுத்தோதிய அதே பேனாவே, கப்பல்களும் பள்ளிவாசல்களும் எரிந்த கதையையும் எழுதிற்று. சட்ட அறிஞர் ஒருவர் எதிர்ப்பு ஏடு எழுதினால் அது எவ்வாறிருக்கும் என்பதற்கு துஹ்ஃபா நல்ல சான்று. சினம் இருக்கிறது, ஆனால் சினத்துக்கும் கணக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். 1556-இல் கோவாவில் பறங்கியர் அச்சுக்கூடம் அமைத்துவிட்டார்கள். 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் தமிழெழுத்திலேயே அச்சாகி வெளிவந்தது. 1583 வரையிலான நிகழ்ச்சிகளைக் கூறும் துஹ்ஃபாவோ ஒவ்வொரு படியாகக் கையால் பெயர்த்தெழுதப்பட்டுப் பரவியது. எதிரியிடம் அச்சு, நம்மிடம் நாணற் பேனா.

துஹ்ஃபா நான்கு பகுதிகளை உடையது. முதற்பகுதி அறப்போரின் சட்டங்களையும் சிறப்புகளையும் பேசுகிறது. இரண்டாவது, மலபாரில் இஸ்லாம் பரவிய வரலாறு. மூன்றாவது, அந்நாட்டு இந்துக்களின் பழக்கவழக்கங்கள். நான்காவது, பறங்கியரின் வருகையும் அவர்கள் இழைத்த கொடுமைகளும்.

போருக்கு அழைக்கும் நூலில் அண்டை வீட்டாரின் பழக்கவழக்கங்களுக்கு ஒரு தனிப் பகுதி எதற்கு? மேலெழுந்தவாரியாகப் படிப்போருக்கு இது புரிவதில்லை. ஆசிரியர் தம் நூலைப் பீஜப்பூர் சுல்தான் முதலாம் அலீ ஆதில் ஷாஹ்வுக்கு அர்ப்பணித்திருக்கிறார். தொலைவில் ஆளும் ஒரு முஸ்லிம் மன்னர், ‘மலபார் முஸ்லிம்கள் துன்புறுகிறார்கள்’ என்று கேட்டவுடன், ‘அங்கே ஆள்வோர் முஸ்லிமல்லாதார்தாமே, அவர்களும் பகைவரே’ என்று முடிவு கட்டிவிடக் கூடாதல்லவா? ஆகவே மக்தூம் பொறுமையாக எடுத்துரைக்கிறார். இந்நாட்டு மன்னர்கள் முஸ்லிமல்லாதார்; ஆயினும் முஸ்லிம்கள் அவர்கள் ஆட்சியில் கண்ணியத்தோடு வாழ்கிறார்கள்; ஜும்ஆவும் பெருநாளும் தடையின்றி நடைபெறுகின்றன; தாழ்ந்தவராகக் கருதப்படும் குலத்தில் பிறந்த ஒருவர் இஸ்லாத்தைத் தழுவினாலும் அந்நாட்டார் அவரைத் துன்புறுத்தாமல் மற்ற முஸ்லிம்களுக்குரிய மரியாதையையே அளிக்கின்றனர். கள்ளிக்கோட்டை மன்னர் சாமூதிரி தம் செல்வத்தை வாரி இறைத்துப் பறங்கியரோடு போரிடுகையில் முஸ்லிம் சுல்தான்கள் பலர் வாளாவிருந்ததை அவர் மறைக்கவில்லை. 1571-இல் சாமூதிரியின் படையும் முஸ்லிம்களும் சேர்ந்து சாலியம் கோட்டையைத் தகர்த்த வெற்றியைக் காழி முஹம்மது அவர்கள் ‘ஃபத்ஹுல் முபீன்’ என்னும் அரபுக் காப்பியமாகப் பாடியபோதும் அந்த இந்து மன்னரே போற்றப்பட்டார். பகைவன் யாரென்பதை இவ்விரு ஆலிம்களும் அக்கிரமத்தைக் கொண்டே தீர்மானித்தார்கள். முதற்பகுதியை மட்டும் கிழித்தெடுத்து, மூன்றாம் பகுதியை மறைத்துவிட்டு துஹ்ஃபாவைப் பற்றிப் பேசுவோர், அவர்கள் எந்தத் தரப்பினராயினும், மக்தூம் அவர்களுக்கு அநீதி இழைக்கிறார்கள் என்பதே நம் கருத்து.

இனி, நாம் முன்னர் எழுப்பிய கேள்விக்கு வருவோம். முதற்குற்றச்சாட்டு யார்மேல்?

புரட்சி ஏடுகளின் வழக்கம் பகைவனிடத்தில் தொடங்குவது. 1776 ஜனவரியில் அமெரிக்காவில் தாமஸ் பெயின் வெளியிட்ட ‘காமன் சென்ஸ்’ என்னும் சிறு பிரசுரம் அரசாட்சி என்னும் அமைப்பையும் இங்கிலாந்து மன்னரையும் நேருக்கு நேர் தாக்கிற்று. அதனாலேயே அது கையிலிருந்து கைக்குப் பறந்தது. நம் நாட்டில் 1801 ஜூன் 16-இல் திருச்சிராப்பள்ளிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் மருது பாண்டியர் ஒட்டுவித்த அறிக்கை, எல்லாக் குலத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருங்கே விளித்து வெள்ளையரை எதிர்க்க அழைத்தது. அதிலும் நவாப் முஹம்மது அலீ வெள்ளையருக்கு இடங்கொடுத்த பிழை கண்டிக்கப்படுகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். எழுதியவர்களே விலையையும் கொடுத்தார்கள் என்பது அவ்வறிக்கைக்குத் தனிப் பெருமை.

மக்தூம் அவர்களோ இன்னும் ஒருபடி மேலே போகிறார். மலபார் முஸ்லிம்கள் சுகமாக வாழ்ந்தார்கள். இறைவனின் அருட்கொடைகளை மறந்தார்கள். பாவங்களில் மூழ்கித் தங்களுக்குள் பிளவுபட்டார்கள். ஆகவேதான் வல்ல நாயன் பறங்கியரை அவர்கள்மீது சாட்டினான் என்னும் கருத்தோடு அவர் தம் நூலைத் தொடங்குகிறார். போருக்கு அழைக்க வேண்டிய மக்களையே முதலில் கூண்டில் ஏற்றுகிறார்!

இது சரியா? இன்றைய வாசகருக்கு இயல்பாகவே ஓர் ஐயம் எழும். அடிபட்டவனைப் பார்த்து ‘உன் குற்றத்தால்தான் அடிபட்டாய்’ என்று சொல்வது அடித்தவனுக்கு வழக்கறிஞராக வேலை பார்ப்பது ஆகாதா? பஞ்சத்தில் வாடுவோரிடமும் கலவரத்தில் வீடிழந்தோரிடமும் போய் ‘இது உங்கள் பாவத்தின் பலன்’ என்று பிரசங்கம் செய்வோரை நாம் பார்த்திருக்கிறோம். அவர்கள் பேச்சு மனத்தைப் புண்படுத்துவதோடு, கொடியவனைத் தப்பவும் விடுகிறது. அந்த ஐயத்தை நாம் இலேசாகத் தள்ளிவிடக் கூடாது.

ஆனால் துஹ்ஃபாவை முழுமையாக நோக்குங்கள். தம் மக்களின் பிழையைச் சொல்ல அவர் செலவிட்டவை சில வரிகளே. பறங்கியரின் செயல்களுக்கு ஒரு பகுதி முழுவதையும் ஒதுக்குகிறார். ஹஜ்ஜுப் பயணம் தடைப்பட்டது, கப்பல்கள் பறிக்கப்பட்டன, ஊர்களும் பள்ளிவாசல்களும் கொளுத்தப்பட்டன, திருமறைப் படிகள் அவமதிக்கப்பட்டன, ஆண்களும் பெண்களும் சிறைபிடிக்கப்பட்டு விற்கப்பட்டனர் என்று ஊரும் ஆண்டும் குறித்து எழுதிச் செல்கிறார். இறைவனின் சோதனை என்று சொல்லியதனால் சோதனைக்குக் கருவியானவனின் பொறுப்பு அவர் பார்வையில் கடுகளவும் குறையவில்லை. இஸ்ராயீலின் மக்களைத் தண்டிக்க வந்த பகைவர்களைப் பற்றித் திருமறை கூறுமிடத்திலும் இதே இரட்டைக் கணக்கைக் காணலாம்.

மேலும், நீதியின்பால் நிலைத்து நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராகப் போனாலும் சரி என்பது திருக்குர்ஆன் நமக்கு இட்ட கட்டளை. அநீதி இழைக்கும் சகோதரனுக்கும் உதவி செய்ய வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியபோது ஸஹாபாக்கள் வியந்து அது எவ்வாறு என்று வினவினார்கள். அவன் கையைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்னும் பொருளில் விடை கிடைத்தது. இந்த விடையை வைத்துப் பார்த்தால் எதிர்ப்பு ஏட்டின் இலக்கணம் ஒருவாறு விளங்குகிறது. தன் வீட்டுக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு அடுத்தவன் கணக்கைக் கேட்பவனுடைய குரலில் ஒரு கனம் இருக்கும். வாசகனை முகஸ்துதி செய்யும் பிரசுரம் வேகமாகப் பரவுகிறது; வேகமாகவே மறக்கவும்படுகிறது. அதைவிடக் கேடு ஒன்று உண்டு. ‘நாம் தூயவர்’ என்று நம்பிக்கொண்டு எழுந்தவர்கள், வென்றபின் தாங்களே புதிய பறங்கியராகிவிடுகிறார்கள். தன் பிழையை எழுதிவைத்த ஏடு அந்த ஆபத்துக்குச் சிறிதளவேனும் தடை போடுகிறது.

அந்த ஏட்டால் விளைந்தது என்ன? உடனடிப் பயனைப் பார்த்தால் வருத்தமே மிஞ்சும். யாருக்கு அர்ப்பணிக்கப்பட்டதோ அந்த அலீ ஆதில் ஷாஹ் 1580-இலேயே கொலையுண்டு இறந்தார். நூல் அதற்குப் பிந்திய நிகழ்ச்சிகளையும் கூறி முடிகிறது. பெறுவோர் இல்லாத கடிதம் போலாயிற்று. 1584-இல் சாமூதிரியே பறங்கியரோடு இணங்கி, மக்தூம்களின் ஊரான பொன்னானியில் அவர்கள் பண்டகசாலை அமைக்க இடமளித்தார். குஞ்ஞாலி மரைக்காயர்களின் ஆற்றல் வளர்ந்தது அவருக்கு அச்சத்தை ஊட்டியிருந்தது. 1600-இல் சாமூதிரியும் பறங்கியரும் சேர்ந்து முற்றுகையிட்டதால் நான்காம் குஞ்ஞாலி சரணடைந்தார். கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டார். எந்த ஒற்றுமையை துஹ்ஃபா அவ்வளவு நம்பிக்கையோடு போற்றியதோ, அது இருபது ஆண்டுகளுக்குள் உடைந்துபோயிற்று.

ஆயினும் ஏடு சாகவில்லை. பீஜப்பூரில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா தம் பெருநூலின் மலபார்ப் பகுதிக்கு அதையே ஆதாரமாகக் கொண்டார். 1833-இல் ரௌலண்ட்சன் என்பவர் அதை ஆங்கிலமாக்கி இலண்டனில் வெளியிட்டார். காமாவின் பயணத்துக்கு நானூறு ஆண்டு நிறைந்ததை லிஸ்பன் நகரம் கொண்டாடிய 1898-இல், டேவிட் லோப்பஸ் அதைப் போர்ச்சுகீசிய மொழியில் பதிப்பித்தார். கொண்டாட்டத்தின் நடுவே, கொண்டாடப்படுபவனைப் பற்றிய குற்றப்பத்திரிகை! 1942-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக நம் தமிழ் முஸ்லிம் அறிஞர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ‘வெள்ளையனே வெளியேறு’ என்று நாடு முழங்கிய அந்த ஆண்டில், ஐரோப்பியரை எதிர்த்து நம் நாட்டார் ஒருவர் எழுதிய பழைய ஏடு, வெள்ளையர் ஆட்சியிலிருந்த பல்கலைக்கழகத்தின் வெளியீடாகவே வந்ததை யார் திட்டமிட்டிருக்க முடியும்?

இவ்வளவு போற்றியபின், ஏட்டின் எல்லையையும் சொல்ல வேண்டும். மக்தூம் காட்டிய நேர்மையே அதைச் சொல்ல நம்மைக் கடமைப்படுத்துகிறது. எந்த எதிர்ப்பு ஏட்டிலும் ‘நாம்’ என்னும் சொல் உண்டு. அந்த ‘நாம்’ எவ்வளவு தூரம் நீளுகிறது? துஹ்ஃபாவில் அது மலபார் முஸ்லிம்களையும், அவர்களுக்குத் துணைநின்ற மன்னரையும் தழுவி நிற்கிறது. கடலில் வலை வீசி வாழ்ந்த ஏழைக் குடிகளின் குறையை அது தனித்து எடுத்துப் பேசுவதில்லை. முத்துக்குளித்துறையில் பரதவ மக்களுக்கும் நம்மவருக்கும் இடையே எழுந்த பூசல் முற்றியதால், 1530-களில் அம்மக்கள் பறங்கியரின் காவலை நாடி அவர்கள் சமயத்தில் சேர்ந்தனர். 1538-இல் வேதாளையில் நம்மவர் தோற்றதற்குப் பின்னணியில் இதுவும் உண்டு. அவர்களுக்குப் பறங்கியன் கொடியவனாகத் தோன்றவில்லை. நம்மிடமிருந்து காப்பவனாகத் தோன்றினான். இந்த உண்மை கசக்கலாம். கசப்புக்காக அதை விழுங்காமல் இருக்க முடியாது.

பழவேற்காட்டிலேயே இன்னும் கசப்பான பாடம் இருக்கிறது. பறங்கியருக்குப் பின் ஒல்லாந்தர் வந்தனர். 1613-இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அங்கிருந்து துணி மட்டுமா ஏற்றுமதியாயிற்று? உள்நாட்டுப் போரும் பஞ்சமும் தாக்கிய 1620-களிலும் அதன் பின்னரும், பிழைக்க வழியற்ற தமிழ், தெலுங்கு மக்கள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டுப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். உள்ளூர்த் தரகர்கள் அதற்குத் துணை நின்றார்கள். அம்மக்களுக்கு ஒரு மக்தூம் வாய்க்கவில்லை. அவர்களைப் பற்றி நமக்கு இன்று சொல்வது, அவர்களை விற்றவர்கள் எழுதிவைத்த வரவு செலவுக் கணக்கே. இத்தனை தலை, இன்ன விலை, வழியில் மாண்டது இத்தனை என்று எழுதிய ஒல்லாந்தக் குமாஸ்தாவின் கையெழுத்துத்தான் அவர்களுக்குக் கிடைத்த நினைவுச் சின்னம். அந்தக் கோட்டையருகே ஒல்லாந்தரின் கல்லறைகள் மண்டையோடு செதுக்கிய கற்களோடு இன்றும் காட்சிக்கு நிற்கின்றன.

தன் இனத்தார் அல்லாதவருக்காக ஏடெழுதுவது மனித வரலாற்றில் வெகு தாமதமாகவே வழக்கத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் தாமஸ் கிளார்க்சன் என்னும் இளைஞர், பிறரை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக அடிமைப்படுத்துவது முறையா என்ற தலைப்பில் பல்கலைக்கழகப் பரிசுக்காக இலத்தீனில் ஒரு கட்டுரை எழுதினார். எழுதி முடித்தபின் அவர் மனம் அவரைச் சும்மா விடவில்லை. 1786-இல் அதை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டு, வாழ்நாள் முழுவதும் ஆப்பிரிக்க அடிமைகளுக்காக அலைந்தார். அவர் எழுதிய ‘நாம்’ குற்றம் செய்தவர்களின் ‘நாம்’. இலாபம் அடைந்த நாட்டின் குடிமகனாக நின்று தம் மக்களைக் குற்றஞ்சாட்டினார். மக்தூம் சில வரிகளில் தொட்டுச் சென்ற வேலையை அவர் நூல் முழுவதும் செய்தார் எனலாம்.

இந்த அளவுகோலைப் பழைய ஏடுகளுக்கு மட்டும் பயன்படுத்துவது எளிது. இன்றைய ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தால்தான் அதன் கூர்மை தெரியும். பழவேற்காடு ஏரியில், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்னும் முறை நெடுங்காலமாக நிலவிவருகிறது. எந்த நாளில், எந்த இடத்தில், யாருடைய வலை இறங்க வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கியும் முறைவைத்தும் தீர்மானிப்பார்கள். முகத்துவாரத்தை அடுத்த நல்ல இடம் இன்று ஒருவனுக்கென்றால் இன்னொரு நாள் மற்றவனுக்கு. பணக்காரன் ஏரியை வளைத்துப் போட முடியாது. எந்த அரசும் எழுதிக் கொடுக்காத இந்தச் சட்டத்தை மீனவர்கள் தாமே ஆக்கி, தாமே காத்து வந்திருக்கிறார்கள். பங்கீட்டில் நீதியைப் பெரிதும் வலியுறுத்தும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

அம்மக்களுக்கு இப்போது வேறு கவலைகள் வந்துள்ளன. முகத்துவாரம் மணல் மூடி அடைபடுகிறது. ஏரியில் ஆழம் குறைகிறது. 2018-க்குப் பின் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் பேசப்பட்டபோது, கரை அரிக்கப்படும், வலை வீச இடமிராது என்று சுற்றியுள்ள மீனவ ஊர்கள் உரக்கக் குரல் எழுப்பின. தங்கள் கடலுக்கு யாரோ சீட்டுக் கொடுப்பதா என்ற உணர்ச்சி அக்குரலில் இருந்தது. கர்த்தாஸைப் பற்றி அறிந்தவர்களுக்கு அந்த உணர்ச்சி புதிதன்று. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

அதே ஏரியில் பாட்டு உரிமை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். பாடு பட்டினவர் குலத்தின் குறிப்பிட்ட குடும்பங்களுக்கே உரியது. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை ஏற்பட்டு விலை ஏறியபின், ‘எங்களுக்கும் பங்கு வேண்டும்’ என்று மற்ற ஊராரும் தாழ்த்தப்பட்ட மக்களும் கேட்கத் தொடங்கி, அதனால் பல ஆண்டுகளாகப் பூசல்கள் நடந்து வந்திருக்கின்றன. குலுக்கலில் சேர்த்துக்கொள்ளப்படாதவர்களுள் இருளர்களும் உண்டு. வலையும் படகும் இல்லாத இருளர் பெண்கள் ஆழமற்ற சேற்று நீரில் குனிந்து, ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். துறைமுகம் வந்தால் முதலில் மூழ்கப்போவது அவர்கள் தடவும் அந்தச் சேறுதான். ‘ஏரி எங்களுடையது’ என்று ஊர்கள் எழுதும் பலகையில் அவர்களும் சேர்த்தியா என்று கேட்டால், கரையில் இன்றும் ஒரே குரலில் விடை வருவதில்லை.